இமைப்பதும் ஓர் அருட்கொடையே

ஏக வல்லோனாகிய அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளை எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கைக்கு முடிவே இராது. அவற்றுள் செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் ஒருசேரச் சுட்டிக்காட்டி, இவற்றுக்காக நன்றி செலுத்துவோர் மிகச் சொற்பமே என்று திருமறை நமக்குப் பன்முறை நினைவூட்டுகிறது. கண்ணின் அருமை நமக்குத் தெரியும் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதன் அருமையை முழுமையாக அறிந்தவர் யார்? அதனை இழந்தவர்களும், இழந்துகொண்டிருப்போரின் அருகிலிருந்து தொண்டு புரிந்தவர்களுமே ஆவர். அத்தகைய தொண்டர் ஒருவரின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

அவர் பெயர் பால் வில்சன் பிராண்ட். பெயரைக் கேட்டதும் அயல்நாட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். வல்வில் ஓரி ஆண்ட நம் கொல்லிமலையே அவர் பிறந்த மண். அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். கிறிஸ்தவ ஊழியர்களின் மகன். எனினும் நல்லறிவு எத்திசையிலிருந்து வந்தாலும் அதனைத் தமக்குரிய பொருளாகக் கருதி ஏற்றுக்கொள்வதே நம் முன்னோர் காட்டிய வழியன்றோ!

இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே நீங்கள் சென்று வரலாம். 1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் பால் பிராண்ட் அங்கே பிறந்தபோது அப்பாதை கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் மலையேற வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே தங்கத் துணியாத காலம் அது. அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாயார் ஈவ்லின் பிராண்ட் ஆகிய இருவரும் வாழவந்தி என்னும் சிற்றூரில் மரவீடு ஒன்று அமைத்து, மலைவாழ் மக்களுக்குத் தம்மால் இயன்ற மருத்துவம் செய்து வந்தனர். கால்களைத் துளைத்து வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல இழுத்து எடுப்பதும், மறுபடி அந்நோய் பரவாதிருக்கக் கிணறுகளுக்குக் கல்சுவர் எழுப்புவதும் தந்தையின் அன்றாடப் பணிகளுள் சில.

அத்தந்தை மகனுக்கு அளித்த முதற்கல்வி பார்வையைப் பயன்படுத்தும் கல்வியாகும். கறையான் புற்றின் முன்னே அமர்ந்து அதன் அமைப்பை ஆராயவும், பறவை கூடு கட்டும் நுட்பத்தைக் கவனிக்கவும், படைப்பின் ஒவ்வொரு சிறு பொருளிலும் படைத்தவனின் திறனைக் காணவும் அவர் மகனைப் பழக்கினார். நம் வீடுகளில் எத்தனை தந்தையர் தம் பிள்ளைகளுக்கு இவ்வாறு காணக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்!

சிறுவன் பாலுக்கு ஏறத்தாழ ஏழு வயதிருக்கும். ஒருநாள் மலைப்பாதையில் அயலார் மூவர் வந்தனர். அவர்கள் தொழுநோயாளிகள். நோயாளிகள் எவரையும் தயங்காது தொட்டுப் பார்க்கும் தந்தை அன்று கையுறை அணிந்து புண்களைக் கழுவிக் கட்டியதையும், தாயார் உணவுக் கூடையொன்றை அவர்களுக்கு அளித்ததையும், பின்னர் அவர்கள் அமர்ந்திருந்த இடத்தின் பக்கம் விளையாடப் போகக்கூடாது எனத் தாம் தடுக்கப்பட்டதையும் சிறுவன் கண்டான். அன்பே உருவான அப்பெற்றோரையும் அச்சுறுத்திய நோய் அது! அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. அந்நோயாளிகளுக்கே தம் வாழ்நாள் உரியதாகப் போகிறது என்பதை அச்சிறுவன் எவ்வாறு அறிவான்?

1923-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வயதில், கல்வியின் பொருட்டு அவர் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு உறவினர் பொறுப்பில் விடப்பட்டார். அதன்பின் தந்தையின் முகத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1929-ஆம் ஆண்டு கொல்லிமலையிலேயே கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் மறைந்தார். மரணச் செய்தி தந்தியில் வந்து சேர்ந்த பின்னரும், முன்னரே கப்பலில் புறப்பட்டிருந்த தந்தையின் கடிதம் மகனின் கைக்கு வந்தது. கைம்பெண்ணான தாயாரோ ஊழியத்தைக் கைவிடவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் மலைகளிலே பணியாற்றி, 1974-ஆம் ஆண்டு தமது 95-ஆம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இளமையில் பால் பிராண்ட் மருத்துவத்தையே வெறுத்தார். தந்தையின் மருந்தகத்தில் கண்ட இரத்தமும் சீழும் அவர் மனத்தை அவ்வாறு ஆக்கியிருந்தன. கட்டடத் தொழிலையும் தச்சு வேலையையும் சில ஆண்டுகள் கற்றார். பின்னரே மனம் மாறி இலண்டனில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்த உடல்களுக்கு அறுவை செய்து கைதேர்ந்தார். தம்முடன் பயின்ற மார்கரெட் என்பவரை 1943-ஆம் ஆண்டு மணந்தார். 1946-ஆம் ஆண்டு இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்க வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மார்கரெட்டும் வந்தார். அவரைக் கண் பிரிவில் பணியாற்றுமாறு கல்லூரியார் கேட்டனர். கண் மருத்துவத்தில் தனிப் பயிற்சி ஏதும் இல்லாதிருந்தும் அவ்வம்மையார் தயங்காது ஏற்றார். கிராமங்களில் நடந்த கண் சிகிச்சை முகாம்களிலும் பணிபுரிந்து அத்துறையில் தேர்ச்சி பெற்றார்.

அந்நாளில் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் இராபர்ட் காக்ரேன் என்பவர் தொழுநோய் இல்லத்தை நடத்தி வந்தார். 1947-இல் அதைக் காணச் சென்ற பிராண்ட், மடங்கி விரியாத எண்ணற்ற கைகளைக் கண்டார். நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கேட்டார். அக்கையின் இறுக்கம் தாங்காமல் அவரே வலியால் துடித்துப்போனார்! செயலற்றது என்று உலகம் கைவிட்ட கையிலே இத்துணை வலிமையா? அப்படியெனில் நல்ல தசைகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றை இடம் மாற்றிப் பொருத்தினால் கை மறுபடி இயங்குமல்லவா? இச்சிந்தனையிலிருந்து தோன்றியதே தொழுநோயாளிகளுக்கான கை அறுவைச் சிகிச்சை. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் பயனுக்கு வந்து, நோய்க் கிருமியைக் கட்டுப்படுத்த வழி பிறந்திருந்த வேளை அது. ஆனால் கிருமி ஒடுங்கிய பின்னரும் விரல்கள் தேய்வதும், கண்கள் ஒளியிழப்பதும் நிற்கவில்லை. ஏன்?

அதற்கான விடையை எந்த நூலும் அவருக்குச் சொல்லவில்லை, நோயாளிகளே சொல்லிக்கொடுத்தனர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க இயலவில்லை. சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. சாவி தசையை எலும்புவரை அறுத்திருந்தது; அவனுக்கோ அது தெரியவேயில்லை! உறங்கும்போது எலிகள் விரலைக் கடித்த நோயாளிகளும் உண்டு. அவர்களுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வைப் போக்கிவிடுவதால், காக்கப்படாத காயங்களே உறுப்புகளை அழிக்கின்றன என்ற உண்மை இவ்வாறு துலங்கியது.

விரலுக்குரிய இவ்வுண்மை கண்ணுக்கும் பொருந்துமா? இங்கேதான் மார்கரெட் அம்மையாரின் பணி கணவரின் பணியோடு இணைந்தது.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! நமது இமைகள் ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து முறையேனும் மூடித் திறக்கின்றன. விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் இது பதினான்காயிரம் முறைக்கும் மேலாகும். இவற்றுள் எத்தனையை நீங்கள் நினைத்துச் செய்தீர்கள்? ஒன்றையும் இல்லை! கருவிழியின் மேற்பரப்பு சிறிது உலர்ந்ததும் ஒரு நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது; மற்றொரு நரம்பு ஆணையைக் கொணர்ந்து இமையை மூடச் செய்கிறது. கண்ணீர் பரவுகிறது, தூசி துடைக்கப்படுகிறது. ஒரு சிறு துகள் விழுந்தாலும் உறுத்தல் நம்மை ஓய விடுவதில்லை. அவ்வுறுத்தலை நாம் தொல்லை என்கிறோம். அது காவலன் தட்டும் கதவோசை என்பதை மறந்துவிடுகிறோம்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. கைகால்களைப் போலவே முகமும் கண்ணின் முன்பகுதியும் அத்தகையவை. முகத்தசையை இயக்கும் நரம்பு பழுதுபட்டால் இமைகள் மூடா. கருவிழியின் உணர்வு நரம்பு பழுதுபட்டால் இமைக்க வேண்டும் என்ற தூண்டுதலே எழாது. கண் இரவும் பகலும் திறந்தே கிடந்து உலரும். உணர்வற்ற கையால் கசக்கும்போது கருவிழி கீறப்படும், நோயாளிக்கு வலிக்காது. புண் ஆறாமல் வெண்மை படர்ந்து ஒளி மறையும். கண்ணின் உட்பகுதியில் எழும் அழற்சியும் பார்வையைப் பறிக்கும். நோயாளிகளின் அசையாத பார்வையைக் கண்டு மக்கள் அஞ்சி ஒதுங்கினர். அந்த அசையாமையே அவர்தம் பார்வைக்கு எமனாய் நின்றது என்பதை அறிந்தவர் சிலரே.

இமை மூடாதோர்க்கு அறுவை ஒன்று செய்யப்பட்டது. நெற்றிப்பொட்டில் உணவை மெல்லுதற்குரிய தசை ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு கீற்றைப் பிரித்துத் தோலுக்கடியில் கொண்டுவந்து இமைகளில் இணைப்பர். அதன்பின் நோயாளி பற்களை இறுகக் கடிக்கும்போதெல்லாம் இமைகள் மூடும். கண் காப்பாற்றப்பட்டது, ஆனால் உணர்வு திரும்பவில்லையே! ஆகவே இமைக்க வேண்டும் என்பதை அவர்கள் நாள் முழுதும் நினைவில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதையேனும் மென்றுகொண்டிருந்து கண்ணைக் காத்தவர்களும் உண்டு. தினமும் கண்ணாடியில் கண்கள் சிவந்துள்ளனவா என்று பார்ப்பதும், பகலில் கண்காப்பு அணிவதும், இரவில் கண்ணைத் துணியால் மூடி உறங்குவதும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. நமக்கு இரந்து கேளாமலே கிடைத்த பதினான்காயிரம் இமைப்புகளை அவர்கள் ஒவ்வொன்றாக உழைத்துச் சம்பாதித்தனர். இதைப் படித்த பின்னும் நம் உள்ளம் நன்றியால் கசியாதிருக்குமா?

புருவம் உதிர்ந்தோர்க்குத் தலைமுடியோடு கூடிய தோலை எடுத்துப் புருவமாகப் பொருத்தினர். தலைமுடி வளர்வது போலவே அப்புருவமும் நீண்டு வளரும், கத்தரிக்க வேண்டும். ஆயினும் நெடுநாள் புருவமின்றி நாணியிருந்தோர் சிலர், அது கண்ணருகே தொங்கும்வரை வளரவிட்டுப் பெருமை கொண்டனர். 1951-இல் வேலூரில் தொடங்கப்பட்ட நவஜீவ நிலையத்தில், அறுவை முடிந்தோர் கைத்தொழில் கற்றுச் சொந்தக் காலில் நிற்கப் பழகினர். தாம் இளமையில் கற்ற தச்சுத்தொழில் பிராண்டுக்கு அங்கே கைகொடுத்தது. பின்னர் 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் செயற்படத் தொடங்கியது. அங்கும் இருவரும் பணியாற்றினர்.

ஓர் இரவு அவருக்கே ஒரு சோதனை வந்தது. அயல்நாடு சென்று திரும்பும் வழியில் நெடுநேர இரயில் பயணத்துக்குப்பின் இலண்டனில் தங்கியிருந்தார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசி ஒன்றை எடுத்துக் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றிவிட்டது என்றே முடிவு செய்தார். குடும்பத்தைப் பிரிந்து, குழந்தைகளின் கன்னத்தைத் தொட்டுணரும் இன்பத்தை இழந்து வாழ வேண்டிய நாட்களை எண்ணி இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியைக் குத்தினார். வலியால் அலறிவிட்டார்! பயணத்தில் அசையாது அமர்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்ததேயன்றி நோயன்று. வலித்ததற்காக ஒரு மனிதர் இறைவனுக்கு நன்றி கூறிய காலை அது. அன்று முதல் வலியை அவர் பகையாகக் கருதவில்லை.

1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு இருவரும் பணிபுரியச் சென்றனர். அங்கே ஸ்டான்லி ஸ்டைன் என்னும் புனைபெயருடைய நோயாளி ஒருவர் இருந்தார். அந்நோயால் இரு கண்களும் ஒளியிழந்த பின்னரும், ஸ்டார் என்னும் இதழை அம்மருத்துவமனைக்குள்ளிருந்தே நடத்தி, நோயாளிகளை இழிவுபடுத்தும் பெயர்களுக்கு எதிராக எழுதி வந்தவர் அவர். 1967-இல் மறையும்வரை அவர் பேனா ஓயவில்லை.

பிறவியில் பார்வையற்றவருக்குக் கைவிரல் துணை, பிரெய்ல் எழுத்தைத் தடவிப் படிப்பார், கைத்தடியால் வழியறிவார். தொழுநோயால் பார்வையிழந்தவருக்கோ விரலின் உணர்வும் இல்லை. இரு வாயில்களும் அடைபட்ட வீடு போன்றது அவர் நிலை. அப்படியும் மனிதர் தோற்றுவிடவில்லை. ஜப்பான் நாட்டுத் தொழுநோய் இல்லங்களில் இத்தகையோர் சிலர் நாவின் நுனியால் பிரெய்ல் எழுத்துகளைத் தடவிப் படிக்கக் கற்றனர். நாவில் இரத்தம் கசிந்தும் விடாது படித்தனர். கண்ணும் விரலும் நலமாயிருந்தும் நூலைத் திறவாத நாம் அவர்கள் முன் நாணித் தலைகுனிய வேண்டுமன்றோ!

கார்வில்லில் பிராண்ட் மற்றொரு முயற்சியும் மேற்கொண்டார். உணர்விழந்த கைகால்களுக்குச் செயற்கையாக வலியை அறிவிக்கும் கருவி செய்ய முனைந்தார். பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்தனர். கருவிகள் பழுதாயின, எச்சரிக்கை ஒலித்தபோது நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. படைத்தவன் ஒவ்வொரு விழியிலும் விரலிலும் இலவசமாக வைத்திருக்கும் காவலை, பெரும் பொருள் செலவிட்டும் மனிதனால் அமைக்க இயலவில்லை. ஆயினும் அங்கே கற்ற பாடங்கள், கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கு உலகெங்கும் பயன்பட்டன. 1960-இல் அவருக்கு ஆல்பர்ட் லாஸ்கர் விருது கிடைத்திருந்தது. 2003-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் சியாட்டில் நகரில் தமது 88-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பார்வையற்றோரிடம் பாடம் கற்பது நமக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் வந்தவர், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அவர் பொருட்டே 80-ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. நலம் நாடி வந்த பார்வையற்றவரே முதற்கவனத்துக்கு உரியவர் என்பதை அவை உலகுக்கு உணர்த்தின. பின்னாளில் அவர் மதீனாவின் பாங்கொலிப்பவர்களுள் ஒருவரானார். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டதும் உண்டு. இரக்கத்தோடு நின்றுவிடாமல் பொறுப்பையும் மதிப்பையும் அளித்ததே அங்கு நாம் காணும் முன்மாதிரி.

ஆகவே நாவினால் ஷுக்ர் செய்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. கொடையைக் காப்பதும் நன்றியே. உங்கள் வீட்டில் எவருக்கேனும் தோலில் நிறம் மங்கி உணர்ச்சியற்ற தேமல் தோன்றினால் மறைக்காதீர்கள். தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஓராண்டுக்குள் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்படும் கேடும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. பார்வை குறையும்போது காலம் கடந்திருக்கக்கூடும்.

நோயுற்றவரை விலக்காதிருப்பதும் நன்றியே. முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களில் தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாக இடம்பெற்றிருந்தது. 2019-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அதை நீக்கியது. சட்டத்திலிருந்து நீங்கியது நம் உள்ளங்களிலிருந்தும் நீங்க வேண்டும். உங்கள் மஹல்லாவில் பார்வையற்றவர் இருப்பின், அவர் கையில் காசு வைத்துவிட்டு நகராதீர்கள். அருகில் அமர்ந்து பேசுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். திருமறையை மனனம் செய்த பார்வையற்ற ஹாபிழ்கள் எத்தனையோ பேர், கண்ணுள்ள நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறார்களே!

கொல்லிமலையின் மரவீட்டில் கறையான் புற்றைக் கண்டு வியந்த சிறுவன், பிற்காலத்தில் பிறர் கண்களைக் காக்கும் தொண்டனானான். காணக் கற்றதே அவன் பெற்ற செல்வம். எல்லாம் வல்ல அல்லாஹ், நாம் கேளாமலே அருளிய பார்வையை நன்மையில் பயன்படுத்தவும், அதை இழந்தோரை மதித்து அவர்களிடம் கற்கவும், ஒவ்வோர் இமைப்பிலும் அவனை நினைக்கவும் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.